கால் ஷேவ் செய்தபின் வரும் எரிச்சல்: ஆற்றுவதும் தடுப்பதும்

ஷேவ் செய்த இரவே கெண்டைக்காலிலும் தொடையிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, மறுநாள் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் பேன்ட் உரசி எரிகிறதா? முதல் வேலையாக ரேசரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தோல் முழுக்க அடங்கும்வரை அதைத் தொடவே வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான். மூன்றாம் நாள் முடி முளைத்துக் குத்துகிறதே என்று புண்பட்ட இடத்திலேயே மறுபடி பிளேடை ஓட்டுவார்கள். பருக்களின் தலை சீவப்பட்டு, ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். நம் நிறத்துத் தோலில் பரு ஒரு வாரத்தில் மறைந்தாலும் கறை மாதக்கணக்கில் போகாது. எரிச்சலைவிட எனக்குக் கவலை அந்தக் கறைதான்.

எரியும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஐஸ்கட்டியை நேராக வைக்க வேண்டாம். பிறகு தேய்க்காமல் துண்டால் ஒற்றி, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் மருந்தாளரிடம் கேட்டு 1% ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம் வாங்கி மெல்லியதாகத் தடவலாம். இரண்டு மூன்று நாளுக்குள் நிறுத்திவிட வேண்டும், சீழ் வைத்த பருவின்மேல் போடவே கூடாது. வீட்டில் எதற்கும் கை போகும் தைலம் இங்கே உதவாது, எரிச்சலைக் கூட்டும். எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம்: அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமாகிக் கறுத்துப்போகும். தேங்காய் எண்ணெய் முடி முளைக்கும் துளைகளை அடைக்கலாம், ஆகவே பரு இருக்கும்போது வேண்டாம். வெளியே போகும்போது காலுக்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போட்டால் கறை மேலும் கறுக்காது.

தோலுக்கடியில் முடி சுருண்டு கிடப்பது தெரிந்தால் ஊசி, நகம் எதையும் வைத்துத் தோண்டாதீர்கள். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் போதும். சிவப்பு அடங்கியபின் 2% சாலிசிலிக் அமில லோஷனை ஒருநாள் விட்டு ஒருநாள் தடவினால் மேல்தோல் இளகி, முடி தானாக வெளியே வரும்.

மறுபடி தொடங்கும்போது நிதானம் வேண்டும். குளிக்கப் போனதும் ஷேவ் செய்யாமல் கடைசியில் செய்யுங்கள். மூன்று நிமிடமாவது வெந்நீர் பட்டால்தான் முடி தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகும், பிளேடும் இழுக்காமல் வெட்டும். சோப்பு நுரை சீக்கிரம் காய்ந்துவிடும், ஷேவிங் ஜெல்லே நல்லது. அடுத்து திசை. உலர்ந்த காலை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: வழுவழுவென்று போகும் பக்கம்தான் முடி வளரும் பக்கம். கெண்டைக்காலில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். தொடையின் உட்புறத்தில் குறுக்கே திரும்பியிருக்கும், அங்கேதான் பருவும் அதிகம். அந்தப் போக்கிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல், அழுத்தாமல் ரேசரை ஓட்டி, ஒவ்வோர் இழுப்புக்கும் அலசுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் கண்ணாடிபோல வரும்தான். ஆனால் முடி தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டு, வளரும்போது பக்கவாட்டில் குத்தும். நான்கைந்து பிளேடு அடுக்கிய ரேசரிலும் இதே தொல்லை உண்டு. பரு சுலபமாக வரும் காலுக்கு ஒன்றிரண்டு பிளேடு போதும். லேசான சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

பிளேடை ஐந்து முதல் ஏழு தடவைக்குள் மாற்றுங்கள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் குளியலறை காய்வதே இல்லை. ரேசரை அங்கேயே விட்டால் துருவும் கிருமியும் சேரும். உதறிவிட்டு, அறையில் காற்றுப்படும் இடத்தில் தலைகீழாக வையுங்கள்.

ஷேவ் செய்ய இரவுதான் தோது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, தளர்வான பருத்தி உடையில் தூங்கினால் மறுநாள் ஜீன்ஸ் போடுவதற்குள் தோல் ஓரளவு தேறிவிடும். நீச்சல் குளத்துக்கு ஒருநாள் கழித்துப் போங்கள், குளோரின் எரிக்கும்.

சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் பெருகினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிரீமை நம்பிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சின்ன வெட்டுக்காயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பரு திரும்பத் திரும்ப வந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கி, தோல் சிகிச்சைக்கான நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போகலாம்.