அக்காவுக்கு வந்த மூளை இரத்தக்குழாய் வீக்கம்

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான். அக்காவையும் அங்கேதான் கொண்டுபோனோம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், பிடரியில் யாரோ ஓங்கி அடித்ததுபோல் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். உடனே வாந்தி எடுத்தார். இடது கண்ணிமை பாதி இறங்கிவிட்டது. முதலில் பார்த்த கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வீங்கிய இரத்தக்குழாய் அருகிலுள்ள கண் நரம்பை அழுத்தினால் இமை இப்படி இறங்கும் என்று பிறகு அறிந்தபோது, அந்த ஒன்றையாவது அங்கே கவனித்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

சி.டி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு தெரிந்தது. இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் தமனி கிளை பிரியும் இடத்தில் சிறு குமிழ் போன்ற வீக்கம் தெரிந்தது. வெடித்தது அதுதான். அக்காவுக்குப் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. முதல் நாளிலேயே மறுபடி வெடிக்கும் அபாயம் மிகுதி என்பதால் மருத்துவர்கள் தாமதிக்கவில்லை. மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில், அதாவது அது தமனியிலிருந்து புடைக்கும் அடிப்பகுதியில், கிளிப் போடுவது ஒரு வழி. தொடையிடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினம் சுருள்களால் வீக்கத்தை உள்ளிருந்தே அடைப்பது மற்றொன்று. அக்காவின் வீக்கத்துக்குக் கழுத்து குறுகலாக இருந்ததால் சுருள் வைத்தார்கள்.

அத்துடன் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் கசிந்த இரத்தத்தால் மற்றக் குழாய்கள் சுருங்கக்கூடும் என்றும், ஏறக்குறைய 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை அதற்கு அஞ்ச வேண்டும் என்றும் சொன்னார்கள். அதனால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கொரு முறை, நள்ளிரவிலும் எழுப்பி, 21 நாட்கள் கொடுக்க வேண்டும். "சேச்சீ, ரெண்டு கையும் பொக்கிக்கே" என்று செவிலியர் கேட்கும்போதெல்லாம் அக்கா கைகளைத் தூக்குவார். ஒரு மாலை வலது கை மெல்லத் தாழ்ந்தது. நாங்கள் பதறிப்போனோம், அவர்களோ மருந்து கொடுத்து இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்தினார்கள். வீக்கம் அடைபட்டிருந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது. சுருங்கிய குழாய் வழியே இரத்தம் பாய்ந்தது, மறுநாள் கை நேரானது. கண்ணிமை முழுதாக உயரச் சில மாதங்கள் ஆயின.

எங்கள் அப்பாவும் இதே நோயில்தான் இறந்தார் என்பதால் எனக்கும் தம்பிக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு எதுவும் இல்லை. தம்பிக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வீக்கம் இருக்கிறது. அதை இப்போது தொட வேண்டாம், ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும், பீடியை மட்டும் உடனே நிறுத்த வேண்டும் என்றார் மருத்துவர். நிறுத்திவிட்டான்.