200-க்கு 200
திருமங்கலத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, கட்-ஆஃப் 200 வந்துட்டா இன்ஜினியரிங்ல முதல் ரேங்க்தானே?"

அதுதான் இல்லை.

கட்-ஆஃப் என்பது பிளஸ் டூ மார்க்கிலிருந்து போடும் கூட்டல்: கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. வேதியியலில் ஒரு மார்க் போனால் 199.5, கணக்கில் போனால் 199. கணக்கில் ஒரு மார்க் கேள்விகளே 20. குறியீட்டோடு விடையையும் எழுத வேண்டும், அவசரத்தில் (அ), (ஆ) மட்டும் போட்டுவிட்டு வரக்கூடாது.

சரி, நிறையப் பேர் 200 எடுத்துவிட்டால்? நாலாவது பாடத்தின் (உயிரியல், கணினி அறிவியல் மாதிரி) மார்க்கைப் பார்ப்பார்கள். அப்புறம் பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம். கட்-ஆஃபில் சேராத தமிழை ஓரங்கட்டும் பிள்ளைகள் (மதுரையில் இருந்துகொண்டே!) இங்கேதான் மாட்டுவார்கள். அதிலும் சமம் என்றால் வயதில் மூத்தவர் முன்னே. கடைசியில் ரேண்டம் எண், அதாவது கணினி குலுக்கிப்போட்டுத் தரும் எண். அதற்கு டியூஷன் கிடையாது, மீனாட்சியிடம்தான் முறையிட வேண்டும்.