கோட்டை வாசலில் இரண்டு மீன்கள்

ஜூன் 6, வியாழன்

யாழ்ப்பாணத்தில் விடிய பஸ் ஏறி, மத்தியானம் திருகோணமலையில் இறங்கினேன். கச்சான் காற்று அனலாக அடித்தது. தங்குமிடத்து அக்கா ஒரு ஓட்டோக்கார ஐயாவை ஒழுங்குபடுத்தித் தந்தார். பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்தானாம். "நாளைக்கு வெள்ளி, கோணேசருக்குச் சனம் கூட. வெள்ளனவே வெளிக்கிட்டால் கல்லை வடிவாப் பார்க்கலாம், பிள்ளை" என்றார். கோணேசர் கோயிலை என்று சொல்லாமல் கல்லை என்றது மனதில் நின்றது.

ஜூன் 7, வெள்ளி

ஆறு மணிக்கே வந்துவிட்டார். பிரட்ரிக் கோட்டை வாசலில் ஓட்டோவை ஓரம் கட்டி, "இறங்குங்கோ, கோயில் இங்கயிருந்தே தொடங்குது" என்றார். முன்பு இரண்டு தரம் இந்த வாசலுக்குள்ளால் வான் வண்டியில் போயிருக்கிறேன். ஒரு தரமும் இறங்கியதில்லை.

ஐயா கல்லில் கை வைத்துக் காட்டினார். எனக்கு முதலில் தேய்ந்த கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. அவர் சுட்டுவிரலால் ஒரு வளைவைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். வால், முதுகு, தலை. பக்கத்தில் இன்னொன்று. பாண்டியரின் இணைக்கயல் சின்னம்! அதே வாசலில் உடைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. முன்னே குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னே பறங்கியர் குலைப்பார்கள் என்று சொல்லும் பாட்டின் துண்டு.

கொன்ஸ்தந்தீன் டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில், 1620களில், கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். இன்றைய பெயர் 1803இல் வைத்தது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் விரல் பட்ட பிறகு அது வேறு மாதிரி இருந்தது. சம்பந்தர் பாடிய தலத்தின் கற்கள் இந்த மதிலில் எங்கெங்கே இருக்கின்றனவோ என்று மேலே போகும் வழியெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டு நடந்தேன். புள்ளிமான் ஒன்று வந்து என் பையை முகர்ந்துவிட்டுப் போனது.

கோணேசரையும் மாதுமை அம்மனையும் கும்பிட்டோம். இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் முதலான பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள் இருந்து கிடைத்த கதையை ஐயா சொன்னார். யாரோ அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து எடுக்க அவர்களுக்கு முடியாமலே போய்விட்டது. அதை நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவை எட்டிப் பார்த்தேன். கீழே கடல் கரும்பச்சையாகக் கிடந்தது. பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று முட்டின.

ஜூன் 8, சனி

கன்னியா வெந்நீரூற்று. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய்க்கு அந்தியேட்டி என்ற ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. எனக்குக் குளிக்கும் ஆசைதான் இருந்தது. எடுத்த உடனேயே சூடான கிணற்றுக்குப் போகப் பார்த்தேன், ஐயா தடுத்தார். "சூடு குறைஞ்சதில தொடங்குங்கோ, உடம்பு பழகட்டும்." வாளியால் அள்ளி ஊற்ற ஊற்ற இரண்டு நாள் அலுப்பும் போய்விட்டது.

அப்புறம் வெளியே நிழலில் இருந்து பிளேன்ரீ குடிக்கும்போது சொன்னார்: "என்ர அம்மாவின்ர அந்தியேட்டி இங்கதான் செய்தனான்." வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரம் உப்புவெளிக் கடற்கரை. நல்ல கடல், நல்ல மீன் சாப்பாடு.

ஜூன் 9, ஞாயிறு

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோட்டை வாசலுக்கு ஒருக்கால் போவோமா என்று கேட்டேன். ஐயாவுக்குச் சந்தோசம். ஆனால் இன்றைக்கு அவர் கை நீட்டவில்லை. "இப்ப நீங்கள் காட்டுங்கோ பாப்பம்."

வெயில் நேராக விழுந்ததால் கல்லில் ஒரு கோடும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். பின்னால் கோயிலுக்குப் போகும் வான்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் எடுத்தது. வால்தான் முதலில் கையில் பட்டது.