விடுதிக்குப் போகும் முன் ஒரு கோயில் சுற்று

அக்னி நட்சத்திரம் முடிந்தும் காரைக்குடியில் வெயில் இறங்கவில்லை. பாய்கூட விரிக்காமல் ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக் கிடந்ததுதான் பிளஸ் டூ லீவில் நான் செய்த பெரிய வேலை. ஆனி பிறந்தால் கோயம்புத்தூரில் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம், விடுதி வாசம். விடுதியில் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு அம்மா பக்கெட், மக், போர்வை என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். அப்பத்தாவின் பட்டியல் வேறு. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, திருக்கோட்டியூர். “இந்த நாலு பேருகிட்டயும் சொல்லாம பிள்ளைய ஊருக்கு அனுப்பக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கோயில்கள் எனக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் அழைத்துப்போவது இங்கேதான். ஆனால் அப்போதெல்லாம் நான் துணைக்குப் போகிறவள். செருப்பைப் பார்த்துக்கொள்வதும் தம்பியைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. வைகாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பாவின் காரில் கிளம்பியபோது, எனக்குத் துணையாக மற்றவர்கள் வந்தார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

படி சுடுவதற்கு முன் குன்றக்குடி ஏறிவிட வேண்டும் என்று ஆறு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். இந்த மலை மயில் வடிவம் என்பார்கள். எனக்கு இதுவரை எந்தப் பக்கமிருந்தும் மயில் தெரிந்ததில்லை, தம்பிக்குத் தெரிகிறதாம். மேலே சண்முகநாதர் ஆறு முகத்தோடு மயில்மேல் இருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் ஆளுக்கொரு மயில் தனியாக உண்டு. பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவைக் கட்டி இந்த முருகன் திருநீற்றால் ஆறியது என்றும், அந்த நன்றிக்காகத்தான் மருது சகோதரர்கள் இங்கே திருப்பணி செய்தார்கள் என்றும் அப்பத்தா ஒவ்வொரு தடவையும் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். இறங்கி வரும்போது யானை இருந்த பக்கம் கண் தானாகப் போனது. சிறு வயதில் சுப்புலட்சுமிக்குக் காசு கொடுக்கப் பயந்து அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அது இறந்துபோன செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள்.

பிள்ளையார்பட்டியில் ஆச்சரியமாகக் கூட்டமில்லை. சதுர்த்தி நாட்களில் இங்கே நிற்கவே இடம் கிடைக்காது. அருகம்புல் மாலை வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டோம். கற்பக விநாயகர் தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்த சிலை இல்லை. குன்றைக் குடைந்து அந்தப் பாறையிலேயே செதுக்கியது. ஆறடி உயரம், வடக்கு பார்த்த முகம், வலப்புறம் சுழித்த தும்பிக்கை. மற்றப் பிள்ளையார்களுக்கு நான்கு கை, இவருக்கு இரண்டே கை. பாசமும் அங்குசமும் கிடையாது. வலது கையில் மோதகம், இடது கை இடுப்பில். இவ்வளவையும் பள்ளிக்கூடக் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் திரி வெளிச்சத்தில் அந்த இடுப்புக் கையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். எந்த அவசரமும் இல்லாத ஆள் உட்காரும் தோரணை அது.

அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். எப்போதும் அப்பா தன் பெயரில் தொடங்கி வரிசையாக எல்லார் பெயரையும் சொல்வார். அன்று என் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அப்பா எதையும் கவனிக்காதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன்: படிப்பு, உடம்பு, அப்பத்தாவின் முழங்கால். தீபாராதனை வந்த நேரத்தில் வாயில் வந்தது “நல்ல ரூம்மேட் கிடைக்கணும்” என்பதுதான். சரி, அதுவும் வேண்டியதுதானே.

குடைவரையில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்றில் ‘எக்காட்டூருக் கோன் பெருந்தசன்’ என்று ஒரு பெயர் இருக்கிறதாம். இந்தக் கோயிலைக் குடைந்த சிற்பியின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். பிராகாரத்தில் உட்கார்ந்து பிரசாத மோதகம் தின்றுகொண்டே அப்பா இதைச் சொன்னார். அந்த வாரம்தான் பாத்திரக்கடையில் என் தட்டிலும் டம்ளரிலும் பெயர் வெட்டி வாங்கியிருந்தோம். “நம்ம கடைக்காரருக்கு எழுத்து இதவிட நல்லாத்தான் இருக்கும்” என்றான் தம்பி. அம்மா அவன் தலையில் குட்டிவிட்டு, அப்படியே தோப்புக்கரணமும் போடச் சொன்னார்.

நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டியோடு வைரவன்பட்டியும் ஒன்று. அங்கே மூலவர் வளரொளிநாதர் என்றாலும் அப்பத்தா வந்தது பைரவருக்காக. “ராத்திரி வெளிய தெருவ போகயில இவர நெனச்சுக்க தாயி” என்றார். விடுதியில் ஏழு மணிக்கே கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

திருப்பத்தூரில் சாப்பாடு. காலையில் கதை கேட்ட அதே மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட ஊர் இது. திருக்கோட்டியூரில் நடை சாயங்காலம்தான் திறக்கும் என்பதால் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தித் தூங்கினோம்.

திருக்கோட்டியூர் நம்பி என்ற குருவிடம் மந்திரப் பொருள் கேட்க ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பஸ்ஸில் வந்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினேழு முறை திருப்பி அனுப்பிவிட்டாராம். “பதினேழு அரியராக்கா?” என்று தம்பி கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. கிடைத்த மந்திரத்தை ராமானுஜர் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், மேலே ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்ன இடம் இந்தக் கோயில்தான். குறுகலான படியில் தலை இடிக்காமல் நானும் தம்பியும் விமானத்தின் மேல்தளம்வரை ஏறினோம். அப்பத்தா கீழேயே சௌமிய நாராயணப் பெருமாள் முன் நின்றுகொண்டார்.

அவருக்கு அங்கே ஒரு கணக்கு பாக்கி இருந்தது. மாசி மகத் தெப்பத்தின்போது குளக்கரையில் எரியும் விளக்கு ஒன்றை எடுத்துவந்து, காசும் துளசியும் சேர்த்து வீட்டில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். காரியம் நடந்தால் அடுத்த மாசியில் அதைக் கொண்டுவந்து, கூட இன்னொரு விளக்கும் ஏற்ற வேண்டும். போன மாசியில் என் பரீட்சைக்காக அப்பத்தா எடுத்த விளக்கு சாமி அறையில்தான் இருக்கிறது.

“எடுத்தது நான், கொண்டாந்து ஏத்துறது நீ” என்றார் குளக்கரையில்.

“மாசியில காலேஜ் இருக்குமே அப்பத்தா.”

“இருந்தா என்ன, கோயம்புத்தூருக்கும் காரைக்குடிக்கும் பஸ் இல்லையா?”

செமஸ்டர் பரீட்சை அப்போது வருமா என்று அம்மா கேட்டார். எனக்கே தெரியாது. அப்பா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “அப்ப இன்டர்னல் டெஸ்ட்தான் இருக்கும், ரெண்டு நாள் லீவு போடலாம்” என்று, இன்னும் சேராத கல்லூரிக்கு முதல் லீவை அவரே போட்டுவிட்டார்.