ராணிப்பேட்டை கார் பறந்தது, அபராதம் எனக்கு வந்தது

பெங்களூரு நெடுஞ்சாலையில் அதிவேகமாகப் போனதாக என் கைபேசிக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் காரின் எண் டி.என். 73 என்று தொடங்குகிறது, என்னுடையது டி.என். 23. மற்ற எழுத்தும் எண்ணும் அச்சு அசலாக ஒன்றே. 73 ராணிப்பேட்டை, 23 வேலூர் என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்கு, படத்தில் இருந்த காரின் மேலே சாமான் கட்டும் கம்பி, முன்கண்ணாடியில் பெரிய வேல் ஸ்டிக்கர். என் பழைய ஆல்ட்டோவுக்கு மொட்டைத் தலை.

“ஆயிரம்தானே மாமா, கட்டித் தொலையுங்கள்” என்றான் மைத்துனன். ஏன் கட்ட வேண்டும்? அபராத வழக்கை இணையத்திலேயே முடிக்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்த்து வழக்காடுகிறேன் என்று தெரிவித்தால், வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். அப்படித்தான் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் போய் நின்றேன்.

காத்திருந்த நேரம்தான் அதிகம். நடுவர் ஆர்.சி.யையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை பார்த்தார். முடிந்தது, விடுவித்துவிட்டார்.

கேமரா அபராதம் வந்தவர்களுக்கு: 2021இல் வந்த மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி, அபராதச் சீட்டில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழும் வேண்டும். கேளுங்கள்.

அந்த வேல் ஒட்டிய காரின் உரிமையாளர் இதைப் படித்தால், பெட்ரோல் செலவை மட்டுமாவது கொடுத்துவிடவும்.