உப்புக்காசில் வளர்ந்த படிப்பு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்" என்று சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். சீமெந்து வாங்க வருகிறவர்கள், காசை எண்ணித் தரும்போது, "தம்பி மேல படிக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். கடையில் இருக்கிறான் என்றால் ஏ.எல்லில் எங்கோ பிசகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பழகிவிட்டது, கோபம் வருவதில்லை. ஆனால் வெயிலுக்கு ஆள் வராத பின்னேரங்களில் போனில் சிங் வம்சச் சீனாவைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்விக்கு மனதுக்குள் ஒரு நீளமான பதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

சிங் ஆட்சி 1644 முதல் 1912 வரை. அங்கேயும் உத்தியோகம்தான் எல்லாம். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும்: மாவட்டச் சோதனை, மாகாணச் சோதனை, தலைநகர்ச் சோதனை என்று படிப்படியாக ஏற வேண்டும். கடைசிப் படியில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, அவ்வளவு பெரிய நாட்டிலிருந்து, சில நூறு பேர்தான் தேறுவார்கள். நான்ஜிங் நகரத்துச் சோதனை வளாகத்தில் பிற்காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அறை என்றால் மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறந்த வெளி, உள்ளே இரண்டு பலகை. பகலில் ஒரு பலகை மேசை, மற்றது இருக்கை. இரவில் இரண்டையும் ஒரே மட்டத்தில் போட்டால் படுக்கை. சாப்பாடு, தூக்கம், கட்டுரை எல்லாம் அதற்குள்ளேதான், மழை பெய்தால் விடைத்தாளைக் காப்பாற்றுவது அவரவர் கெட்டித்தனம். எங்கள் ரியூசன் கொட்டில்களைப் பற்றி இனி யாரும் என்னிடம் முறையிட வேண்டாம்.

ஏட்டில் எழுதிய வரிசைப்படி அந்தச் சமூகத்தில் படித்தவன் முதலாவது, வியாபாரி கடைசி. நடப்பு வேறு. நூறு தேல் வெள்ளிக்குச் சற்று மேலே கட்டினால் (ஒரு தேல் ஏறக்குறைய 37 கிராம்) அரசாங்கமே ஒரு மாணவர் பட்டம் தந்துவிடும். அதை வைத்துக்கொண்டு கீழ்ச் சோதனைகளைத் தாண்டி நேரே மாகாணச் சோதனைக்குப் போகலாம். மாவட்ட அதிகாரி நினைத்தபடி பிடித்து அடிக்கவும் முடியாது. பல வியாபாரிகள் வாங்கியது அந்த இரண்டாவது வசதிக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நானாக இருந்தாலும் அதற்குத்தான் வாங்கியிருப்பேன்.

இதில் பெரிய ஆட்கள் யாங்சோ நகரத்து உப்பு வியாபாரிகள். உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். எந்த உப்பளத்து உப்பை எந்த மாகாணத்தில் யார் விற்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு உண்டு, அந்தச் சீட்டு பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்தது. கடற்கரையில் சல்லிக்காசுக்கு எடுத்த உப்பு, ஆற்று வழியாக ஹூனான், ஹூபே போய்ச் சேரும்போது பல மடங்கு விலை. அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் ஹுயிசோ என்ற மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். விளைநிலம் போதாத ஊர், ஆகவே பிள்ளைகளை ஒன்றில் படிக்க வைத்தார்கள், இல்லையென்றால் வெளியூருக்கு வியாபாரத்துக்கு அனுப்பினார்கள். தென்னிலங்கையிலும் மலாயாவிலும் போய் உழைத்த எங்கள் பாட்டன்மாரின் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அந்தக் காசில் என்ன செய்தார்கள்? தோட்டம், நாடகக் குழு, விருந்து எல்லாம் நடந்தன. ஆனால் மா யூகுவான், மா யூலு என்ற சகோதரர்கள் புத்தகம் வாங்கினார்கள். வாங்கி அடுக்கி வைத்ததோடு நிற்கவில்லை, வறிய அறிஞர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டு வாசிக்க விட்டார்கள். லி அ என்ற கவிஞர் அவர்களுடைய வீட்டு நூலகத்தில் இருந்து வேலை செய்துதான் சொங் வம்சக் காலக் கவிதைகள் பற்றி 100 பாகத் தொகுப்பு ஒன்றை முடித்தார். பின்னாளில் பேரரசர் சியான்லோங் நாட்டிலுள்ள நூல்களையெல்லாம் திரட்டி ஒரு மாபெரும் தொகுப்புச் செய்ய 1770களில் கட்டளை போட்டபோது, இந்த மா குடும்பம் மட்டும் கொடுத்த நூல்கள் 776.

என் மனதில் அதிகம் தங்கியவர் தை சென். 1724இல் ஹுயிசோவில் பிறந்தவர், தகப்பன் புடவை வியாபாரி. இளவயதில் தகப்பனோடு சேர்ந்து ஊர் ஊராகத் திரிந்திருக்கிறார். அந்த நூற்றாண்டின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று, ஆனால் தலைநகர்ச் சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்றார். தோற்றவருக்கு யார் சோறு போட்டது என்று பாருங்கள். 1750களில் தலைநகருக்குப் போனபோது ஜி யுன் என்ற இளம் அதிகாரியின் வீட்டில் தங்கினார், ஜி யுன் அவருடைய நூலை அச்சிட்டும் கொடுத்தார். 1757இல் யாங்சோவில் உப்பு நிர்வாக அதிகாரி லு ஜியான்செங்கின் மாளிகையில் தங்கினார். அந்த மாளிகையே ஒரு பல்கலைக்கழகம் மாதிரி. பழைய நூல்களை வரி வரியாக ஒப்பிட்டு, இது மூலம், இது இடைச்செருகல் என்று பிரிக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தாரே, அதே இனத்து வேலை.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு உதாரணம். யான் ரோசூ என்பவர், அவரும் உப்பு வியாபாரக் குடும்பம்தான், சோதனைக்குப் பாடமாக இருந்த ஒரு புனித நூலின் 25 அத்தியாயங்கள் பிற்காலத்தவர் செய்த போலி என்று ஆதாரத்தோடு நிறுவினார். சரி, அப்புறம் என்ன? சிலபஸ் மாறவில்லை. போலி என்று தெரிந்துகொண்டே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

பெயின்ட் வாங்க வருகிற ஓய்வுபெற்ற சரித்திர மாஸ்டர் ஒருவரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லி, பார்த்தீங்களா மாஸ்டர், படிப்பை வாழ வைச்சது கடைக்காரன் என்றேன். அவர் நிறப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, உப்புச் சீட்டு ஆற்ற கையில? அரசாங்கத்தின்ர கையில. அப்ப உவங்கள் வியாபாரியளோ, உத்தியோகத்தரோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை, ஏனென்றால் 1768இல் நடந்தது மாஸ்டர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. உப்புச் சீட்டுக்கு மேலதிகமாக வாங்கிய கட்டணம், இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்குக் காட்டாமல், ஒரு கோடி தேலுக்கு மேலே சேர்ந்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு, பேரரசர் தெற்கே சுற்றுலா வந்தபோது அவரை வரவேற்கச் செலவானது என்பதுதான் வேடிக்கை. அரசர் நடந்த கம்பளத்துக்கு அரசரே விசாரணை வைத்தார். லு ஜியான்செங் அப்போது ஓய்வுபெற்ற கிழவர், சிறையில் செத்துப்போனார். அவருக்குச் சம்பந்தி உறவான ஜி யுன், அரசாங்கம் வீட்டைச் சோதனையிட வருகிறது என்று முன்கூட்டியே தகவல் கசியவிட்டதற்காக வடமேற்கு எல்லையிலிருந்த ஊரும்ச்சிக்கு நாடு கடத்தப்பட்டார். கடிதம் எழுதாமல் உறைக்குள் கொஞ்ச உப்பும் தேயிலையும் மட்டும் வைத்து ஒட்டி அனுப்பினார் (சீனத்தில் தேயிலைக்கும் விசாரணைக்கும் ஒரே ஒலி, 'சா') என்று ஒரு கதை உண்டு, கட்டுக்கதையாக இருக்கலாம், ஆனால் நல்ல கதை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அதே ஜி யுன் 1771இல் திரும்ப அழைக்கப்பட்டு, பேரரசரின் மாபெரும் தொகுப்புக்குத் தலைமைப் பதிப்பாசிரியர்களில் ஒருவராகிறார். தோற்றுக்கொண்டே இருந்த தை சென்னையும் 1773இல் அந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வழக்கொழிந்துபோன பழைய கணித நூல்களைத் தேடி மீட்டுக்கொடுத்தவர் அவர்தான். 1775இல் மறுபடியும் சோதனையில் தோற்க, அரசர் சிறப்புச் சலுகையாகப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார். இரண்டு வருடத்தில் ஆள் காலம். சட்டத்தால் செத்தவனுக்காகப் பரிதாபப்பட ஆள் உண்டு, பெரியவர்கள் பேசும் நியாயத்தால் செத்தவனுக்கு யார் உண்டு என்று அவர் எழுதி வைத்த வரி ஒன்றை அடிக்கடி நினைப்பேன். அரசாங்கத்தின் தயவில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதவும் ஒரு துணிவு வேண்டும்.

அந்தத் தொகுப்பில் சேர்ந்தவை ஏறத்தாழ 3,460 நூல்கள், கையெழுத்தில் ஏழு பிரதிகள். அதே வேலையின் மறுபக்கம், ஆட்சிக்குப் பிடிக்காத 2,000க்கும் மேற்பட்ட நூல்கள் தேடி அழிக்கப்பட்டன. மா குடும்பம் போன்றவர்கள் நூல் கொடுத்ததற்குப் பரிசாக 10,000 அத்தியாயக் கலைக்களஞ்சியம் ஒன்று கிடைத்தது. கொடுத்த பெட்டியில் எதாவது தடைசெய்த புத்தகம் இருந்துவிடுமோ என்று எத்தனை பேர் நித்திரையில்லாமல் கிடந்திருப்பார்கள்! மாஸ்டர் சொன்னதுபோல், கடைக்காரனையும் படித்தவனையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தார்கள். ஆனாலும் கயிறு இறுகாத இடைவெளியில் லு ஜியான்செங்கின் மாளிகையில் நடந்த விவாதங்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சோதனைக்கு உதவாத படிப்பைக் காசு கொடுத்து வளர்த்தது அந்த மாதிரி இடங்கள்தான்.

உப்புக் குடும்பங்கள் 1830களில் சீட்டு முறை மாறியதும் சரிந்தன. பேரரசரின் தொகுப்பின் ஏழு பிரதிகளில் யாங்சோ பிரதி தைப்பிங் என்ற உள்நாட்டுக் கலவரத்தில் எரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, எங்கள் நூலகம் எரிந்த 1981 எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஹாங்சோவில் இருந்த பிரதி அதே கலவரத்தில் 1861இல் சிதறியது. நகரத்துக்கு வெளியே ஒதுங்கியிருந்த டிங் ஷென், டிங் பிங் என்ற வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள், சந்தையில் பொருள் சுற்றிக் கொடுத்த தாளைப் பார்த்தபோது அது அந்தத் தொகுப்பின் பக்கம் என்று கண்டுகொண்டார்கள். உடனே ஆள் வைத்து, சொந்தக் காசில், கிடைத்ததையெல்லாம் வாங்கினார்கள். 8,000க்கு மேற்பட்ட கட்டுகள் மிஞ்சின, மொத்தத்தில் கால்வாசி. மீதியை மற்றவர்களிடமிருந்து இரவல் வாங்கிப் பிரதிசெய்யும் வேலை 1882இல் தொடங்கியது. அதற்கு மாகாண ஆளுநரும் கைகொடுத்தார், உண்மை, ஆனால் அவர் வந்து சேர ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது.