லாக் எடுத்தாச்சா?

ஜூலை 21
மேக்கத்திக் காத்து விடவே இல்லை. சைட்டேஷன், அந்தச் சின்ன ஜெட் விமானம், அதே இடத்தில் நிக்குது. பெடலையெல்லாம் அசையாம பூட்டுற கன்ட்ரோல் லாக்கை எடுக்காம இழுத்ததுல மூக்குச் சக்கரத்தைத் திருப்புற இணைப்பு கெட்டுப்போச்சு, மாத்துற பார்ட்டுக்குக் காத்திருப்பு. டோ பார் (டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கிற இழுவைக் கம்பி) மாட்டக் கூடாதுன்னு மூக்குச் சக்கரத்தில் சிவப்புத் துணி.

ஜூலை 22
டோ பார் மாட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தர் காக்பிட்ல ஏறி கன்ட்ரோல் லாக்கை எடுக்கணும். இந்த விமானத்துல விமானி காலால மிதிக்கிற ரடர் பெடலுக்கும் மூக்குச் சக்கரத்துக்கும் கேபிள் தொடர்பு உண்டு. லாக் போட்டிருந்தா பெடல் அசையாது. டிராக்டரோ சக்கரத்தைத் திருப்பும். நடுவுல மாட்டிக்கிற இணைப்புதான் வளையும், அறுபடும்.

ராத்திரி லாக் போட்டது சரியான வேலை. போடலேன்னா ஆடிக்காத்துல வாலில் இருக்கிற எலிவேட்டரும் ரடரும், ரெண்டும் அசையுற பலகைங்க, விடிய விடிய ஸ்டாப்பில் மோதி ரிவெட் தளரும். காலையில் எடுக்கலை, அதுதான் தப்பு. வெளியே நிக்கிற ஆளுக்கு உள்ளே லாக் இருக்கா இல்லையான்னு தெரியாது. "லாக் எடுத்தாச்சா?"ன்னு வாய்விட்டுக் கேட்டு, "எடுத்தாச்சு"ன்னு பதில் வரணும். தலையாட்டினா போதாது.

ஜூலை 23
பார்ட் வரலை.

ஜூலை 25
டோ பாரின் ஷியர் பின்னைக் கையில் வச்சுப் பார்த்தா தெரியும்: சுண்டுவிரல் நீளம், நடுவுல கழுத்து மாதிரி ஒரு பள்ளம். சுமை மீறினா மூக்குச் சக்கரக் கால் உடையாம அந்தப் பள்ளம் அறுந்து போகணும், அதுக்குத்தான் அது. இந்த டோ பாரில் எதுவும் அறுந்து போகலை. கழட்டினா உள்ளே ஹார்ட்வேர் கடை இரும்பு போல்ட்டு. எப்பவோ பின் அறுந்திருக்கு, யாரோ அவசரத்துக்கு மாட்டியிருக்காங்க. போல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சுமை முழுக்க விமானத்துக்குப் போயிருக்கு. இதை மன்னிக்கவே முடியாது.

ஜூலை 26
இன்னிக்கும் மனசுல அதே கேள்வி: லாக் எடுத்தாச்சா?

ஜூலை 28
பக்கத்து நிறுத்துமிடத்தில் இன்னொரு ஜெட். பின்னோக்கிச் சாய்ஞ்ச இறக்கை திரும்பும்போது முனை வெளிப்பக்கமா வீசும். நேராப் போறப்போ இருந்த இடைவெளியை நம்பக் கூடாது. இறக்கை முனைக்கு ஒருத்தரா ரெண்டு பேர், வாலுக்கு ஒருத்தர். விசில் கேட்டா டிராக்டர் நிக்கணும். ஒரு ஆள் கண்ணுக்கு மறைஞ்சாலும் நிக்கணும். பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பி விடவும் கூடாது. அழுத்தம் மெல்ல இறங்கிடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை வேணும்.

ஜூலை 30
பறக்கிற எண்ணத்தோட ஆள் ஏறினதிலிருந்து எல்லாரும் இறங்குற வரைக்கும் நடக்கிறதுதான் சர்வதேச விதிப்படி விபத்து. காலி விமானத்தை இழுக்கும்போது நடந்தது அதில் வராது. அதனாலேயே சில இடத்துல மூடி மறைக்கிறாங்க. டெக் லாக்கில், அதாவது விமானத்தோட பழுதுப் பதிவேட்டில், எழுதாம விட்டா, அடுத்த தரையிறக்கத்துல மூக்கு ஒருபக்கம் இழுக்கும்போதுதான் விமானிக்குத் தெரியும். உள்ளே ஆட்கள் இருப்பாங்க. எழுதணும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
பார்ட் பெட்டி வந்திருச்சு. வெட்டவெளியில் இந்தக் காத்துல விமானத்தை ஜாக்கில் ஏத்த முடியாது. நழுவினா இறக்கையிலேயே குத்தும். மறுபடி காத்திருப்பு.

ஆகஸ்ட் 4
காலை 5:40. காத்து காட்டுற துணிப்பை தொங்குது, காத்து அடங்கியாச்சு. ஜாக்குக்கு மேல வைக்கிற பேடு எடுத்தாச்சு.